கண்ணில் தெறித்தால் என்ன செய்வது?

பெர்லிட்டாவிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறே வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பதில் வைத்திருப்பாள், படகு எஞ்சின் புகை கக்கினாலும் பதில் வைத்திருப்பாள். தெரியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததாக சான் எலியாஸ் கடற்கரையில் ஒருவரும் சத்தியம் செய்ய முடியாது. பாதி நேரம் அவள் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால்தான் ஊர் அவளை நம்பியது.

கொப்பரை விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷம் அது. தேங்காயை வெட்டிக் காயவைத்து விற்பதற்குப் பதில் எண்ணெயாக்கிச் சோப்புச் செய்து விற்றால் பெண்களுக்குக் கையில் நாலு பெசோ நிற்குமே என்று நகராட்சியில் யாருக்கோ தோன்றிவிட்டது. ஊருக்கு ஒருத்தி வந்து மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். சான் எலியாஸிலிருந்து யாரை அனுப்புவது என்ற பேச்சே எழவில்லை. பெர்லிட்டா அதற்கு முன்பே துணிமணியை எடுத்து வைத்துவிட்டாள்.

மாகாணத் தலைநகரில் இரண்டரை நாள் அவள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். எண்ணெயை நிறுத்தாள், காஸ்டிக் சோடாவை நிறுத்தாள், கை வலிக்கக் கிண்டினாள், குறிப்பும் எழுதினாள். மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து இருக்கைக்காரி காதில் கிசுகிசுத்தாள், எதிரே இருக்கிற பெரிய கடையில் செருப்பு பாதி விலைக்குப் போடுகிறானாம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாடம்தான். ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற பாடம். ஆபத்து எதற்கு வரப்போகிறது? இருவரும் நழுவிவிட்டார்கள். பெர்லிட்டா குதிகால் வைத்த வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள். விட்டுப்போன பாடத்துக்கென்று கடைசியில் எல்லோருக்கும் கொடுத்த ஆங்கிலத் துண்டுத்தாளை நாலாக மடித்துச் செருப்புப் பெட்டிக்குள் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம், கூடைப்பந்துத் திடலின் தகரக் கூரைக்குக் கீழே வகுப்பு. பதினான்கு பெண்கள், பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொருத்தி மடியிலும் நகராட்சி கொடுத்த பை. பைக்குள் ஒரு கிலோ எண்ணெய்க்கென்று நிறுத்துக் கட்டிய சோடாப் பொட்டலம், நூற்றெழுபது கிராம். கண்ணுக்கு மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் ஊருக்கே இரண்டுதான். அது பெர்லிட்டா வீட்டில் இருக்கும், செய்கிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி மழையாகக் கொட்டியது. பெர்லிட்டாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருவிழா ராணிக்குக் கூட அப்படி ஒரு களை வராது.

"இந்தச் சோடா இல்லாம சோப்பு செய்ய முடியாதா?"

"முடியாது. சோடா இல்லன்னா அது வெறும் எண்ணெய். தலைக்குத் தேய்ச்சுக்க."

"அலுமினியச் சட்டியில கலக்கலாமா? எங்க வீட்டுல எல்லாமே அலுமினியம்தான்."

"கூடவே கூடாது. சட்டியையே தின்னுடும். எவர்சில்வர், இல்லன்னா கெட்டிப் பிளாஸ்டிக்."

"இன்னிக்கு செஞ்சா நாளைக்கே குளிக்கலாமா?"

"தோலை உரிச்சுக்கணும்னு ஆசையா? நாலு வாரம் காத்துல வெக்கணும். அப்பத்தான் காரம் அடங்கும், கட்டி கெட்டியாகும்."

"பப்பாளி போட்டா வெள்ளையாகுமா, அக்கா?"

இதைக் கேட்டது கடைசி வரிசைப் புதுப்பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் ஊருக்கு அவள் புதுப்பெண்தான். அதற்குப் பெர்லிட்டா வாயைத் திறக்கும் முன்பே சலூட் முந்திக்கொண்டாள். கருவாடு விற்கிற சலூட்டுக்கு நாக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல். "முதல்ல உன் புருஷனை ஒரு ராத்திரி ஊற வெச்சுப் பாரு. அவன் வெளுத்தான்னா நாங்க எல்லாரும் வாங்கிக்கறோம்."

தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். மினியா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

ஹெர்மினியாவை ஊரே மினியா என்றுதான் கூப்பிடும். மீன்பிடிக்கிற ரூபெனின் மனைவி, பள்ளிக்கூட வாசலில் காலையில் அரிசி அப்பம் விற்பவள். அவள் மகள் லியாவுக்கு ஞானஸ்நானத்தின்போது கைப்பிடித்து நின்ற ஞானத்தாய் பெர்லிட்டாதான். அந்த உறவில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ரூபெனும் பெர்லிட்டாவை அப்படித்தான் கூப்பிடுவான். கூடப்பிறந்தவளிடம் மறைப்பதைக்கூட மாரேயிடம் மறைக்கக் கூடாது என்பது அந்தக் கரையில் எழுதாத சட்டம்.

"மாரே, எதுல எதைக் கொட்டணும்? சோடா மேல தண்ணியா, தண்ணியில சோடாவா?"

"தண்ணியிலதான் சோடா. கொஞ்சம் கொஞ்சமா. சோடா மேல தண்ணி விட்டா வெடிச்சுக் கிளம்பும். எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்க!"

பதினான்கு பேரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல ராகம் போட்டுச் சொன்னார்கள். மினியாதான் சத்தமாகச் சொன்னாள்.

"எனக்கு இதெல்லாம் புதுசு இல்ல," என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவளிடம். "அப்பத்துக்கு நானே சாம்பல் காரம் எடுக்கறவ. சின்ன வயசுல இருந்து காரத்துல கை வெச்சிருக்கேன்."

"மாரே, உன் சாம்பல் காரம் பூனை. இது முதலை," என்றாள் பெர்லிட்டா. பிறகு முன்னால் இருந்த வாளித் தண்ணீரில் சோடாவைத் தூவிக் காட்டினாள். தண்ணீர் தானாகச் சுட்டு ஆவி கிளம்பியதும் முன்வரிசை நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. வாளியைத் தொட்டுப் பார்த்த புதுப்பெண் ஐயோ என்று கையை உதறினாள்.

மினியா மறுபடியும் கையைத் தூக்கினாள். "இது கண்ணுல தெறிச்சா என்ன செய்யறது?"

விட்டுப்போன பாடம்! பெர்லிட்டாவுக்கு ஒரு கணம் செருப்புக் கடைதான் கண் முன்னால் வந்தது. பதினான்கு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சலூட் வேறு கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அதைச் சொல்ல எத்தனை நாழி ஆகும்? ஆனால் ஜெல்லிமீன் கொட்டினால் அந்தக் கரையில் குழந்தைகூட வினிகரைத்தான் தேடும். தண்ணீர் பட்டதும் சோடா கொதித்ததை இப்போதுதானே எல்லோரும் பார்த்தார்கள்? இரண்டும் சேர்ந்து அவள் வாயில் ஒரு பதிலாகிவிட்டது.

"வினிகர்," என்றாள். "பக்கத்துலயே ஒரு பாட்டில் வினிகர் வெச்சுக்கங்க. தண்ணி மட்டும் படவே கூடாது, இன்னும் பொங்கும். பார்த்தீங்கல்ல? காரத்தை புளிப்புதான் முறிக்கும்."

எவ்வளவு நியாயமாக இருந்தது கேட்பதற்கு! எல்லோரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் அரிசியை ஏற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புதுச் செருப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்று பெர்லிட்டா பெட்டியைத் திறந்தாள். துண்டுத்தாள் மேலேயே இருந்தது. பள்ளியிறுதி வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்துவிட முடியும். ஏழாவது வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கண்ணில் பட்டால் உடனே தண்ணீர். நிறையத் தண்ணீர். அரை மணி நேரம் விடாமல் கழுவ வேண்டும். வினிகர், எலுமிச்சை எதுவும் விடக் கூடாது.

இரண்டாம் முறை வாசித்தாள். எழுத்து மாறவில்லை.

மினியாவின் வீடு பத்து வீடு தள்ளித்தான். ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தால் சோறுகூடப் பொங்கியிருக்காது. வாசல்வரை போனாள். எதிர்வீட்டுத் திண்டில் சலூட் கருவாட்டை உதறிக்கொண்டிருந்தாள். எங்கே ஓட்டம் என்பாள். விஷயத்தைக் கறந்துவிடுவாள். ராத்திரிக்குள் கரை முழுக்கப் பரவிவிடும், தலைநகரம் போய்ப் படித்துவிட்டு வந்த லட்சணத்தைப் பாருங்கள் என்று. பெர்லிட்டா உள்ளே திரும்பினாள். யாரும் நாளைக்கே சோப்புச் செய்யப் போவதில்லை, அடுத்த சனிக்கிழமை பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மினியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டுக்கு நடுவில் குனிந்து, "மாரே, முதல் சோப்பு நான்தான் செய்யப்போறேன், பாரு," என்றாள்.

"அவசரப்படாதே. சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து செய்வோம்."

"சரி, சரி."

"மாரே, நேத்து நீ கேட்டியே..."

"என்ன ரகசியம் அங்க?" பின்வரிசையிலிருந்து சலூட் விசிறியால் இருவர் தலையையும் தட்டினாள். "சாமியார் உங்களைத்தான் பார்க்கறார்."

"ஒண்ணுமில்ல," என்றாள் பெர்லிட்டா. மினியா சிரித்துக்கொண்டே பாட்டைத் தொடர்ந்தாள்.

புதன்கிழமை பெர்லிட்டா ஜீப்பில் ஏறிப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தாள். நடுப்பகலுக்குத் திரும்பி வந்தபோது மினியா வீட்டு வாசலில் கூட்டம். சலூட் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"மினியா கண்ணுல சோடா போயிடுச்சு. ரெண்டு கண்ணுலயும். ரூபென் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். நல்லவேளை, நீ சொன்ன மாதிரி உடனே வினிகர் ஊத்தினாங்களாம்."

பெர்லிட்டாவின் கையிலிருந்த சந்தைக் கூடை அப்படியே கீழே இறங்கியது. வந்த ஜீப்பிலேயே திரும்ப ஏறிவிட்டாள்.

நடந்தது இதுதான். காலை அப்பம் விற்று முடித்து வந்த மினியாவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி வாங்க வந்தாள், பெர்லிட்டா வீடு பூட்டியிருந்தது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று எவர்சில்வர் சட்டியை எடுத்து வைத்தாள். முதலில் தண்ணீர், பிறகு சோடா என்று வாய் சொல்லிக்கொண்டுதான் இருந்ததாம். ஆனால் கை வேறு பாடம் படித்த கை. இருபது வருஷமாக வாரம் இரண்டு தடவை தேங்காய் மட்டைச் சாம்பலை அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, சொட்டுகிற மஞ்சள் காரத்தைப் பிடிக்கிற கை. சாம்பல் முதலில், தண்ணீர் பிறகு. அந்தக் கை பொட்டலத்தைப் பிரித்துச் சட்டியில் கொட்டிவிட்டு, குவளைத் தண்ணீரை மேலே விட்டுவிட்டது. சாம்பல் நனைகிறதா என்று எப்போதும் பார்ப்பதைப் போலக் குனிந்தும் பார்த்துவிட்டாள். சட்டி சீறி முகத்தில் அடித்தது.

அலை அதிகம் என்று ரூபென் அன்று கடலுக்குப் போகவில்லை. கொல்லையில் வலை தைத்துக்கொண்டிருந்தவன் அலறல் கேட்டு ஓடிவந்தான். அடுக்களை மூலையில் மழைத்தண்ணீர் டிரம் நிறைந்து கிடந்தது. மினியா முகத்தைப் பொத்திக்கொண்டு, வினிகர், வினிகர் என்று கத்தினாள். அவன் பாவம், அவள் கேட்டதை எடுத்தான். இமையைப் பிரித்து இரண்டு பாட்டில் ஊற்றினான். வினிகரில் துணியை நனைத்துக் கண்ணில் கட்டினான். அந்தக் கட்டோடு இரண்டு மணி நேரம் ஜீப்பில் கொண்டுபோனான்.

பெர்லிட்டா ஆஸ்பத்திரியை அடைந்தபோது நர்சுகள் மினியாவின் கண்களைப் பாட்டில் பாட்டிலாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் இளம் டாக்டரம்மா ரூபெனை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல தண்ணியே இல்லையா?"

"இருந்தது டாக்டர். டிரம் நிறைய."

"அப்புறம் ஏன்? யாரு சொன்னது வினிகர்னு?"

ரூபென் தரையைப் பார்த்தான். "நான்தான் ஊத்தினேன்."

"நீங்க ஊத்தினது தெரியுது. அந்த நிமிஷமே தலையை அந்த டிரம்முக்குள்ள முக்கியிருந்தாக்கூடப் பார்வை தங்கியிருக்கும். சோடா கண்ணுக்குள்ள அரிச்சுக்கிட்டே போகும். அதைத் தண்ணியாலதான் வெளியே தள்ளணும். ரெண்டு மணி நேரம் கட்டிப்போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே!" டாக்டரம்மாவுக்குக் கோபம் அடங்கவில்லை, வருத்தமும்தான். "இடது கண் போயிடுச்சு. வலதுல வெளிச்சம் மட்டும் தெரிஞ்சா பெரிய விஷயம். நீங்க யாரும்மா?"

"சிநேகிதி," என்றாள் பெர்லிட்டா.

டாக்டரம்மா போனபிறகு ரூபென் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். ஆறடி ஆள், சின்னப் பையனைப் போலக் குறுகிப்போயிருந்தான்.

"மாரே, அவகிட்ட சொல்லிடாதீங்க. என் கையாலயே அவ கண்ணை எடுத்துட்டேன்னு தெரிஞ்சா அவ என்னை எப்படி..."

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவன் தலையைத் தொட்டு, நீ இல்லையப்பா, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். பெர்லிட்டா அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள். அழுவது சுலபமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மினியாவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. வலது கண்ணைத் திறந்தால் பால் விட்டாற்போல் வெள்ளை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், ஜன்னலில் யார் என்று தெரியாது. லியா பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து நடத்தினாள். ரூபென் கடலுக்குப் போகவேயில்லை. தட்டில் போட்டதை அப்படியே நாய்க்கு வைத்தான். சவரம் செய்யாத முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சோப்பு வகுப்பு நின்றுபோயிருந்தது. ஆனால் பதின்மூன்று வீட்டில் சோடாப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது, நகராட்சியிலிருந்து ஆள் வந்து சீக்கிரம் செய்து காட்டுங்கள் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் பழமும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மினியாவைப் பார்க்க வந்தார்கள். பெர்லிட்டா அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்து துணி துவைத்துப் போட்டாள், சமைத்து வைத்தாள், தலை வாரிவிட்டாள். மாரே என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சல் ஒவ்வொன்றும் அவளுக்குச் செருப்படியாக இருந்தது.

"தப்பு என்னுதுதான்," என்றாள் மினியா வந்தவர்களிடம். "அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா, தண்ணியிலதான் சோடான்னு. இந்தப் பாழாப்போன கை கேட்கல. ஆனா ஒண்ணு, மாரே சொன்ன வினிகர் மட்டும் இல்லன்னா இந்த வெளிச்சமும் போயிருக்கும். நீங்க எல்லாரும் செய்யறப்போ மறந்துடாதீங்க."

"நான் ரெண்டு பாட்டில் வாங்கி அடுப்பு மேலயே வெச்சுட்டேன்," என்றாள் சலூட்.

"நானும்தான்," என்றாள் புதுப்பெண். அவள் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை ஒன்று கையைச் சப்பிக்கொண்டிருந்தது. "நாளைக்கு நானும் சலூட் அக்காவும் சேர்ந்து செய்யலாம்னு இருக்கோம்."

வாசற்படியில் ரூபெனின் முதுகு குலுங்கியது. பெர்லிட்டா அந்த முதுகைப் பார்த்தாள், பிறகு குழந்தையைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"வினிகர் வேணாம்," என்றாள்.

"என்னது?"

"வினிகர் கூடாது. தண்ணிதான். நிறையத் தண்ணி, அரை மணி நேரம். நான் சொன்னது தப்பு." அவள் குரல் கிறீச்சிட்டது. "ரூபென், நீ திரும்பு. இங்க பாரு. நீ ஊத்தினது உன் புத்தி இல்ல, அவ கேட்டா. அவ கேட்டது நான் சொல்லிக் குடுத்தது. டாக்டர் யாரு சொன்னதுன்னு கேட்டப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கல. அவ கண்ணை எடுத்தது நான்தான்."

ரூபென் எழுந்து நின்றான். அடிக்கத்தான் வருகிறான் என்று பெர்லிட்டா நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய் மினியாவின் முன்னால் மண்டியிட்டு, அவள் மடியில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதான். மூன்று வாரத்து அழுகை. மினியா அவன் தலையைத் தடவித் தடவி, "இதையா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சே? இதையா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

சலூட்தான் முதலில் எழுந்தாள். புதுப்பெண்ணின் தோளைத் தொட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பெர்லிட்டாவிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ரூபென் முகம் கழுவக் கொல்லைக்குப் போனான்.

"மாரே, இருக்கியா?" என்றாள் மினியா.

"இருக்கேன்."

"பக்கத்துல வா."

பெர்லிட்டா நகர்ந்து வந்தாள். மினியா கையால் துழாவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எரிஞ்சப்போ என் கை முதல்ல டிரம்முக்குத்தான் போச்சு. கை நனைஞ்சுடுச்சு. அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்து எடுத்துட்டேன்." மற்றக் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா நான் தண்ணியைத்தான் ஊத்தியிருப்பேன், மாரே. யாரா இருந்தாலும் தண்ணியைத்தான் ஊத்துவாங்க."

பெர்லிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி நினைச்சா வரும், நாளைக்கும் வரும். லியா முகம் எப்படி மாறுதுன்னு இனிமே நான் பார்க்க மாட்டேன். ஆனா நீ மட்டும் தெரிஞ்சா சொன்னே? உனக்கும் தெரியாது. தெரியாம சொன்னதுக்கு நான் உன்னை என்ன செய்ய?" அவள் பிடி இறுகியது. "உனக்கு எப்போ தெரிஞ்சது, வினிகர் தப்புன்னு?"

கொல்லையில் ரூபென் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பதில் பெர்லிட்டாவின் தொண்டைவரை வந்துவிட்டது. வகுப்பு முடிந்த சாயங்காலமே, அரிசி கொதிக்கும்போதே, உன் கண் போவதற்கு நாலு நாளைக்கு முன்னாலேயே. பத்து வீடு தள்ளி வர வெட்கமாக இருந்தது, மாரே. பூசையில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதை மட்டும் சொல்லிவிட்டால் முடிந்தது.

மினியா வெள்ளைக் கண்ணை அவள் குரல் வந்த திசைக்குத் திருப்பிக் காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலதான், மாரே," என்றாள் பெர்லிட்டா. "டாக்டர் சொல்லித்தான் தெரியும்."

"நினைச்சேன்," என்றாள் மினியா. பெர்லிட்டாவின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழாதே. பாவம், நீ என்ன பண்ணுவே."